டோக்கன் அட்வான்ஸ்

வீடு பார்க்கப் போன அன்று
தண்ணீர்த் தொட்டி மூடியில் உட்கார்ந்து
ஒரு மைனா தொண்டையைச் செருமியது.
அது கேட்டது.
அதைத்தான் சொல்ல வருகிறேன். கேட்டது.

கருப்பூர் டோல்கேட்டுக்குத் தெற்கே
சர்வீஸ் ரோட்டில் மூன்றாவது திருப்பம்,
வடக்குப் பார்த்த வாசல்.
மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே ஏற்காட்டு மலை
அலசிக் காயப்போட்ட மாதிரி.
பூசத்தன்றே வரச் சொன்னார் புரோக்கர் வையாபுரி.
மாதேஸுக்குக் காவடி இருந்தது, மறுநாள் போனோம்.
"ஹைவேன்னா எல்லாரும் பயப்படுறாங்க,
நீங்களே பாருங்க."
பார்த்தோம். காதை வைத்தும் பார்த்தோம்.
இசிஜி எடுக்கப் படுத்தவன் போல
மாதேஸ் கண்ணை மூடி ஒரு நிமிஷம் அசையாமல் நின்றான்.
எங்கோ ஒரு குக்கர் விசில்.
அவ்வளவுதான்.
ஐம்பதாயிரம் எண்ணிக் கொடுத்தோம்.
ரசீதில் தேதி போட
நான்தான் பேனா தந்தேன், பச்சை மை.

குடிவந்த முதல் இரவு
அலமாரிக்குள் எவர்சில்வர் தம்ளர்கள்
ஒன்றையொன்று இடித்துப் பேசிக்கொண்டன.
பதினொன்றரைக்கு பெங்களூர் ஆம்னி பஸ்கள்,
ஒன்றரைக்கு நாமக்கல் முட்டை லாரி,
இரண்டே காலுக்கு போர்வெல் வண்டி,
பின்னாலேயே குழாய் ஏற்றிய இன்னொன்று.
கொண்டான் கொடுத்தான் போல
அவை எப்போதும் ஜோடியாகத்தான் போகும்.
மழை பெய்தால் டயர்களுக்கு வேறு பாஷை.
போனில் அம்மா கேட்பாள்,
பஸ் ஸ்டாண்டிலா நிற்கிறாய் என்று.
தன்விகா வகுப்பில் கத்திப் பேசுகிறாள் என
டைரியில் எழுதி அனுப்பினார்கள்.
இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு
ஐந்து ரோட்டுக் கடையில் எண்பத்தாறாயிரம் சொன்னான்.
புங்கன் கன்று ஒன்று வாங்கி நட்டோம்,
நாற்பது ரூபாய்.

சண்டைகூட ஒழுங்காகப் போட முடிவதில்லை.
பாதி வாக்கியத்தில் ஒரு டிரெய்லர் வரும்,
அதன் வால் கடப்பதற்குள்
சொல்ல வந்தது ஆறிப்போயிருக்கும்.
ஒருமுறை, துணி மடித்துக்கொண்டே
மாதேஸ் என்னவோ சொன்னான்.
ஏர் ஹாரன் தின்றுவிட்டது.
என்ன என்றேன்.
ஒன்றுமில்லை என்றான்.
இன்றுவரை அது ஒன்றுமில்லையாகவே இருக்கிறது.

போன புதன், விடிகாலை மூன்று இருக்கும்,
விழிப்புத் தட்டியது.
எதனால் என்று தெரியவில்லை.
பக்கத்தில் அவனும் எழுந்து உட்கார்ந்திருந்தான்.
ஃபேனில் ஏதோ ஒரு திருகாணி
வருஷம் பூராவும் முனகியிருக்கிறது,
இப்போதுதான் தெரிகிறது.
கதவருகே வந்து நின்றாள் தன்விகா,
"என்னம்மா ஆச்சு?"

சாலை நின்றிருந்தது.

மாடிக்குப் போனோம்.
எல்லா மாடியிலும் ஆட்கள், போர்வையும் துண்டுமாக.
எந்த அளவில் பேசுவதென்று யாருக்கும் பிடிபடவில்லை.
கத்தினோம்,
பிறகு வெட்கப்பட்டுக் குசுகுசுத்தோம்.
மலைப்பாதையில் ஒரே ஒரு வெளிச்சம்
கொண்டை ஊசி வளைவில் திரும்பி அணைந்தது.
என்ன சுகம் என்று யாரோ சொன்னார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

எதிர்வீட்டுத் தனபாக்கியம்
லாரி ஆபீஸில் புக்கிங் பார்ப்பவள்,
போனைக் காதிலிருந்து எடுத்தாள்.
"தொப்பூர்ல கவுந்திருச்சாம்.
ரெண்டு பக்கமும் நிறுத்திட்டாங்க.
போன வருசம் பூசத்துக்கு மறுநாள் ஆச்சே, அந்த மாதிரி.
கேஸ் டேங்கரு. நாலு பேரு.
அன்னிக்குப் பகல் பூரா
ஒரு வண்டி வரல இந்தப் பக்கம்."

கீழே வந்து பீரோவைத் திறந்தேன்.
பத்திரத்துக்கு அடியில், மடிப்பில் லேசாகக் கிழிந்து,
எண்ணாலும் எழுத்தாலும் ஐம்பதாயிரம்.
பச்சை மையில் தேதி.
அந்த மைனா எவ்வளவு துல்லியமாகக் கேட்டது.

என்ன தேடுகிறாய் என்றான் மாதேஸ்
வாசலில் நின்று.

அடைப்பு எடுத்துவிட்டார்கள் போல.
தம்ளர்கள் தொடங்கின.

ஒன்றுமில்லை என்றேன்.
அவனுக்குக் கேட்டிருக்காது.